இணை நிலையின்மை சூப்பர்நோவா: கணக்கில் பிறந்து வானில் தேடப்படும் வெடிப்பு

இணை நிலையின்மை சூப்பர்நோவா என்பது சூரியனைப் போல ஏறத்தாழ 140 முதல் 260 மடங்கு வரை நிறை கொண்டு பிறக்கும் விண்மீன்கள் இறக்கும்போது நிகழ்வதாகக் கணிக்கப்பட்டுள்ள வெடிப்பு வகையாகும். பிற பெருநிறை விண்மீன்கள் வெடித்த பின் நியூட்ரான் விண்மீனையோ கருந்துளையையோ எச்சமாக விட்டுச் செல்கின்றன. இவ்வகை வெடிப்பில் எச்சம் எதுவும் மிஞ்சுவதில்லை. விண்மீன் முழுவதும் சிதறி விண்வெளியில் கலந்துவிடுகிறது.

பெரும்பாலான சூப்பர்நோவா வகைகளை வானியலாளர்கள் முதலில் வானத்தில் கண்டு, பின்னர் அவற்றுக்குக் காரணம் தேடினார்கள். இணை நிலையின்மை வெடிப்பின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1960களில் இது காகிதத்திலும் கணினியிலும் கணக்கிடப்பட்டது. அறுபது ஆண்டுகளாக வானத்தில் தேடப்பட்டு வருகிறது. எல்லாரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட ஒரு நிகழ்வுகூட இன்றுவரை பதிவாகவில்லை. பேரண்டத்தின் முதல் தலைமுறை விண்மீன்கள் எவ்வளவு பெரியவை, நம் உடலிலும் உலகிலும் உள்ள தனிமங்களின் முதல் தவணை எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளுக்கான விடையில் ஒரு பகுதி இந்தத் தேடலைச் சார்ந்திருக்கிறது.

ஒளியால் தாங்கப்படும் விண்மீன்

ஒரு விண்மீனின் வாழ்க்கை, அதன் சொந்த ஈர்ப்பு விசைக்கும் உள்ளிருந்து வெளிநோக்கித் தள்ளும் அழுத்தத்துக்கும் இடையிலான சமநிலையாகும். சூரியன் போன்ற விண்மீனில் இந்த அழுத்தத்தின் பெரும்பங்கு சூடான வாயுத் துகள்களின் இயக்கத்திலிருந்து வருகிறது. நிறை கூடக் கூட வேறொரு அழுத்தம் மேலோங்குகிறது. அதுவே ஒளியின் அழுத்தம். ஆங்கிலேய வானியலாளர் ஆர்தர் எடிங்டன் 1920களில் இதை விரிவாக ஆராய்ந்து, மிகப் பெரிய விண்மீன்களைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் கதிர்வீச்சே என்று காட்டினார்.

ஒளியால் தாங்கப்படுவதில் ஓர் ஆபத்து உண்டு. விண்மீன் சற்றே சுருங்கும்போது உள்ளே அழுத்தம் போதிய அளவு உயர்ந்தால் அது மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும். எவ்வளவு உயர்ந்தால் போதும் என்பதற்கு எளிய கணக்கு உள்ளது. அடர்த்தி 3 விழுக்காடு கூடும்போது அழுத்தம் 4 விழுக்காட்டுக்கும் மேல் கூட வேண்டும். சாதாரண வாயுவில் அது 5 விழுக்காடு கூடுகிறது. ஆகவே விண்மீன் உறுதியாக நிற்கிறது. ஒளி மட்டுமே இருந்தால் அது மிகச் சரியாக 4 விழுக்காடுதான் கூடும். அதாவது, ஒளியால் தாங்கப்படும் பெருநிறை விண்மீன் எப்போதும் விளிம்பின் அருகிலேயே நிற்கிறது. வாயு தரும் சிறிதளவு உதவியே அதை விழாமல் காக்கிறது. அந்த உதவியையும் ஏதேனும் ஒன்று பறித்துவிட்டால் விண்மீன் தனக்குள் சரியத் தொடங்கும்.

ஒளியிலிருந்து பொருள்

அந்த 'ஏதேனும் ஒன்று' எது என்பது விண்மீன்களை ஆராய்ந்தவர்களிடமிருந்து வரவில்லை. அது நுண்துகள் இயற்பியலிலிருந்து வந்தது. 1928-இல் பால் டிராக், எலெக்ட்ரானின் நடத்தையைக் குவாண்டம் கோட்பாட்டுக்கும் சார்பியலுக்கும் பொருந்தும்படி விவரிக்கும் சமன்பாட்டை வெளியிட்டார். அந்தச் சமன்பாட்டிலிருந்து, எலெக்ட்ரானின் அதே நிறையும் எதிரான மின்னேற்றமும் கொண்ட ஒரு துகள் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் 1931-இல் வந்தார். மறு ஆண்டே அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கார்ல் ஆண்டர்சன், காஸ்மிக் கதிர்கள் முகிலறையில் விட்டுச்சென்ற தடங்களில் அத்துகளைக் கண்டார். அதற்குப் பாசிட்ரான் என்ற பெயர் வழங்கியது. 1933-இல் கேம்பிரிட்ஜில் பேட்ரிக் பிளாக்கெட்டும் ஜுசெப்பே ஒக்கியாலினியும், உயர் ஆற்றல் கதிர்வீச்சு மறைந்து அதன் இடத்தில் ஓர் எலெக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் தோன்றுவதாக விளக்கினர். இதுவே இணை உருவாக்கம் எனப்படுகிறது.

இணை உருவாவதற்கு ஒரு குறைந்தபட்ச விலை உண்டு. எலெக்ட்ரானின் நிறைக்கு ஈடான ஆற்றல் 511 கிலோ எலெக்ட்ரான்வோல்ட். ஆகவே இணைக்கு இதைப்போல் இரு மடங்கு, அதாவது 1022 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் தேவை. நூறு கோடி கெல்வின் வெப்பநிலையிலும் ஒரு ஃபோட்டானின் சராசரி ஆற்றல் இந்த விலையில் கால்பங்கு அளவுதான். ஆனால் எந்தக் கூட்டத்திலும் சராசரியைவிட மிகுதியாக வைத்திருக்கும் சிலர் இருப்பதுபோல, கதிர்வீச்சிலும் உயர் ஆற்றல் கொண்ட சிறுபங்கு ஃபோட்டான்கள் உண்டு. இணைகளை உருவாக்கத் தொடங்குபவை அவையே.

இதன் விளைவைக் கொதிக்கும் நீருடன் ஒப்பிடலாம். கொதிக்கும் நீருக்கு அடுப்பின் தீயைக் கூட்டினாலும் வெப்பநிலை உயர்வதில்லை. கொடுத்த வெப்பம் நீரை ஆவியாக்குவதற்கே செலவாகிறது. அதுபோல, சுருங்கும் விண்மீனின் நடுவில் பிறக்கும் கூடுதல் ஆற்றல் வெப்பத்தையும் அழுத்தத்தையும் உயர்த்தாமல் புதிய எலெக்ட்ரான்-பாசிட்ரான் இணைகளின் நிறையாக மாறிவிடுகிறது. அடர்த்தி 3 விழுக்காடு கூடியும் அழுத்தம் 4 விழுக்காட்டுக்குக் குறைவாகவே கூடுகிறது. விளிம்பில் நின்ற விண்மீன் விழுகிறது.

1964 முதல் 1968 வரை: கணக்கு உருவான ஆண்டுகள்

இரு துறைகளின் அறிவும் 1930களிலேயே இருந்தும், அவற்றை இணைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. இடையில் ஓர் அறிவு தேவைப்பட்டது: விண்மீன்களின் உள்ளே எந்தெந்த அணுக்கருக்கள் எந்த வரிசையில் எரிகின்றன என்பது. 1957-இல் மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபௌலர், ஃபிரெட் ஹாயில் ஆகிய நால்வரும் எழுதிய நீண்ட கட்டுரை, தனிமங்கள் விண்மீன்களுக்குள் சமைக்கப்படுவதை விளக்கி அந்த அடித்தளத்தை அமைத்தது.

1960களின் தொடக்கத்தில் ஃபௌலரும் ஹாயிலும் மிகப் பெரிய நிறை கொண்ட விண்மீன்களின் பக்கம் திரும்பினர். விண்ணிலிருந்து வரும் வலிமையான ரேடியோ அலை மூலங்களின் ஆற்றலுக்கு அத்தகைய பொருள்கள் காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. 1964-இல் இருவரும் வெளியிட்ட ஆய்வில், பெருநிறை விண்மீன்களில் நிகழும் நியூட்ரினோ இழப்பையும் இணை உருவாக்கத்தையும் சேர்த்து ஆராய்ந்தனர். இணை உருவாக்கம் விண்மீனின் நிலைத்தன்மையைக் குலைக்கக்கூடும் என்பது அதில் சுட்டப்பட்டது.

அதே ஆண்டில் சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர், மற்றொரு வழியில் இதே விளிம்பை அணுகினார். பொதுச் சார்பியலைக் கணக்கில் எடுத்தால், நிலைத்து நிற்கத் தேவையான எல்லையே சற்று உயர்ந்துவிடுகிறது என்று அவர் காட்டினார். ஆகவே சூரியனைப் போல் இலட்சக்கணக்கான மடங்கு நிறையுள்ள பொருள்கள் இணைகள் உருவாகும் முன்பே சரியக்கூடும். இணை நிலையின்மைக்கு உரிய களம், அத்தகைய மாபெரும் பொருள்களைவிடச் சிறிய, நூறு முதல் சில நூறு சூரிய நிறை வரையிலான விண்மீன்களே. ஃபௌலரும் சந்திரசேகரும் 1983-இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

சரிவு தொடங்கியபின் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு விடை இஸ்ரேலிலிருந்து வந்தது. 1967-இல் கிதியோன் ரகாவியும் ஜியோரா ஷாவிவும் முதிர்ந்த விண்மீன்களின் மாதிரிகளை ஆராய்ந்து, இணை உருவாக்கத்தால் நிலைகுலையும் பகுதியை வரையறுத்தனர். அதே ஆண்டில் சல்மான் பர்காட், ரகாவி, சாக் ஆகிய மூவரும் சரிவின் இயக்கத்தைக் கணக்கிட்டு ஒரு முக்கிய முடிவை அடைந்தனர். சரிவு கருந்துளையில் முடிய வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீப்பற்றி அந்தச் சரிவை வெடிப்பாகத் திருப்பிவிடக்கூடும். 1968-இல் ஃபிராலி இவ்வெடிப்பை மேலும் விரிவாகக் கணக்கிட்டார். நான்கே ஆண்டுகளில் ஒரு புதிய இறப்பு முறை முழு வடிவம் பெற்றது. அதைப் பார்த்தவர் மட்டும் எவரும் இல்லை.

வெடிப்பு நிகழும் விதம்

சூரியனைப் போல் 8 மடங்குக்கு மேல் நிறையுள்ள வழக்கமான பெரிய விண்மீன் ஹைட்ரஜன், ஹீலியம், கார்பன், நியான், ஆக்சிஜன், சிலிக்கான் என்று படிப்படியாக எரித்து, நடுவில் இரும்பு உள்ளகத்தைச் சேர்க்கிறது. இரும்பிலிருந்து இணைவு மூலம் ஆற்றல் பெற முடியாது. எரிபொருள் தீர்ந்த அந்த உள்ளகம் சரிந்து நியூட்ரான் விண்மீனாகவோ கருந்துளையாகவோ மாறுகிறது.

இணை நிலையின்மை இந்த வரிசையை நடுவிலேயே அறுக்கிறது. ஹீலியம் எரிந்து முடிந்து கார்பனும் தீரும் கட்டத்தில், உள்ளகம் பெரும்பாலும் ஆக்சிஜனால் ஆனதாக இருக்கிறது. வெப்பநிலை நூறு கோடி கெல்வினைத் தாண்டும்போது இணைகள் பெருகுகின்றன, உள்ளகம் சரிகிறது. சரிவதால் வெப்பம் மேலும் ஏறி, ஆக்சிஜனும் பின்னர் சிலிக்கானும் ஒருசேரத் தீப்பற்றுகின்றன. வழக்கமான விண்மீனில் மாதக்கணக்கில் எரிய வேண்டிய எரிபொருள் இங்கே சில விநாடிகளிலிருந்து சில பத்து விநாடிகளுக்குள் எரிந்து தீர்கிறது. வெளிப்படும் ஆற்றல் விண்மீனைப் பிணைத்திருக்கும் ஈர்ப்பின் ஆற்றலை விஞ்சினால், நடுப்பகுதி உட்பட விண்மீன் முழுவதும் சிதறுகிறது.

குறைந்த நிறையுள்ள விண்மீன்களில் இது நிகழாததற்குக் காரணம் அடர்த்தி. அதே வெப்பநிலையை எட்டும்போது அவற்றின் நடுப்பகுதி மிக நெருக்கமாக இருக்கும். அங்கே வாயுவின் அழுத்தமே மேலோங்குகிறது. நெருக்கியடித்த எலெக்ட்ரான்கள் புதிய எலெக்ட்ரான்களுக்கு இடம் தராததால் இணை உருவாக்கமும் தடைபடுகிறது.

2002-இல் அலெக்சாண்டர் ஹேகரும் ஸ்டான் வூஸ்லியும் வெளியிட்ட கணக்குகள் இந்த எல்லைகளை இன்று பரவலாகப் பயன்படும் வடிவில் தந்தன. நிறை இழக்காத, கன தனிமங்கள் இல்லாத விண்மீன்களுக்கு அவர்கள் காட்டிய படம் பின்வருமாறு. ஏறத்தாழ 100 முதல் 140 சூரிய நிறை வரை பிறப்பவை ஒரே அடியில் சிதறுவதில்லை. அவை பலமுறை துடித்து, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியடுக்குகளை உதறிவிட்டு, இறுதியில் இரும்பு உள்ளகம் அமைந்து கருந்துளையாகின்றன. 140 முதல் 260 வரை பிறப்பவை, அதாவது 64 முதல் 133 சூரிய நிறை வரையிலான ஹீலியம் உள்ளகம் கொண்டவை, முழுமையாகச் சிதறுகின்றன. 260-ஐத் தாண்டினால் வெப்பம் அணுக்கருக்களையே உடைக்கத் தொடங்குகிறது. அதற்கு ஆற்றல் செலவாவதால் எரிப்பு சரிவைத் தடுக்க முடியாமல் போய், விண்மீன் நேரடியாகக் கருந்துளையாகிறது.

சிதறும் விண்மீன்களின் வரம்பில் கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் பெரும் வேறுபாடு உண்டு. கீழ்முனையில் வெடிப்பு ஓரளவு வலிமையானதே. ஒளி மங்கலாகக்கூட இருக்கலாம். மேல்முனையில் வெடிப்பின் ஆற்றல் வழக்கமான சூப்பர்நோவாவின் ஏறத்தாழ நூறு மடங்கை எட்டுகிறது. உருவாகும் கதிரியக்க நிக்கல்-56, 40 சூரிய நிறை அளவுக்குச் செல்கிறது. ஒப்பீட்டுக்கு, 1987-இல் பெரிய மெகல்லன் முகிலில் வெடித்த எஸ்என் 1987ஏ உருவாக்கிய நிக்கல் ஏறத்தாழ 0.07 சூரிய நிறை மட்டுமே.

மறக்கப்பட்டதும் மீண்டதும்

கணக்கு தெளிவாக இருந்தும், 1970களில் இந்த வெடிப்பு ஆய்வின் ஓரத்துக்கே சென்றது. அத்தனை பெரிய விண்மீன்கள் வெடிக்கும் காலம் வரை தம் நிறையைக் காத்து வைத்திருப்பதில்லை என்பதே காரணம். பால்வீதியில் உள்ள விண்மீன்களின் வெளியடுக்கில் இரும்பு போன்ற கன தனிமங்கள் கலந்துள்ளன. இவற்றின் அணுக்கள் ஒளியை எளிதில் உறிஞ்சுவதால், ஒளி அவற்றை வெளியே தள்ளுகிறது. விண்மீன்காற்று பலமாக வீசி, நிறையின் பெரும்பகுதியை அடித்துச் செல்கிறது. பெரிய மெகல்லன் முகிலில் உள்ள ஆர்136ஏ1 இதற்கு எடுத்துக்காட்டு. 2010-இல் அது பிறந்தபோது 320 சூரிய நிறை கொண்டிருந்திருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. அதன் தற்போதைய நிறை பிந்தைய அளவீடுகளில் 200 அளவுக்குக் குறைக்கப்பட்டுள்ளது. இன்னும் உயிரோடிருக்கும்போதே அது பெருமளவு நிறையை இழந்துகொண்டிருக்கிறது.

கன தனிமங்களே இல்லாத விண்மீனுக்கு இந்தக் காற்று மிகவும் வலுவற்றதாக இருக்கும். அத்தகைய விண்மீன்கள் ஒரே ஒரு காலத்தில்தான் இருந்திருக்க முடியும்: பெருவெடிப்புக்குப் பிறகு, ஹைட்ரஜனும் ஹீலியமும் சிறிது லித்தியமும் மட்டுமே இருந்த பேரண்டத்தில். வானியலில் இவை மூன்றாம் தொகுதி விண்மீன்கள் எனப்படுகின்றன. 1984-இல் ரிச்சர்ட் பாண்ட், டேவிட் ஆர்னெட், பெர்னார்ட் கார் ஆகியோர் மிகப் பெருநிறைப் பொருள்களின் பரிணாமத்தையும் முடிவையும் விரிவாக ஆராய்ந்து, இணை நிலையின்மையை முதல் விண்மீன்களோடு இறுகப் பிணைத்தனர்.

முதல் விண்மீன்கள் உண்மையிலேயே பெரியவையா என்ற கேள்விக்கு 1990களின் இறுதியில் கணினிகள் விடை தந்தன. இன்றைய வாயு முகில்கள் தூசியாலும் கன தனிமங்களாலும் 10 கெல்வின் அளவுக்குக் குளிர்கின்றன. ஆகவே சிறு கட்டிகளாக உடைந்து சிறிய விண்மீன்களாகின்றன. ஆதி வாயுவுக்கு ஹைட்ரஜன் மூலக்கூறு மட்டுமே குளிர்ச்சிக்கான வழி. அதனால் வெப்பநிலை 200 கெல்வின் அளவுக்குக் கீழே செல்வது கடினம். சூடான வாயு சரிய வேண்டுமானால் பெருமளவு நிறை ஒன்று சேர வேண்டும். வோல்கர் புரோம் குழுவினரும், டாம் ஏபெல், கிரெக் பிரையன், மைக்கேல் நார்மன் ஆகியோரும் தனித்தனியே செய்த உருவகப்படுத்தல்கள், முதல் விண்மீன்கள் நூறு சூரிய நிறை அளவில் இருந்திருக்கலாம் என்று காட்டின. 1967-இன் கணக்குக்கு ஒரு வீடு கிடைத்தது.

ஆனால் அந்த வீடும் அசையாததாக இருக்கவில்லை. 2011 முதல் வந்த நுணுக்கமான உருவகப்படுத்தல்கள், சரியும் வாயு வட்டத்தட்டாகி அது மேலும் துண்டுகளாக உடைவதைக் காட்டின. அதே ஆண்டில் தகாஷி ஹொசோகவா தலைமையிலான குழு, வளரும் விண்மீனின் புற ஊதாக் கதிர்வீச்சு சுற்றியுள்ள வாயுவை விரட்டி வளர்ச்சியை 43 சூரிய நிறையிலேயே நிறுத்திவிடுவதைக் கண்டது. பின்வந்த ஆய்வுகள் பத்து முதல் ஆயிரம் சூரிய நிறை வரை பரந்த வரம்பைத் தந்தன. முதல் விண்மீன்களில் எத்தனை, 140-ஐத் தாண்டின என்பது கோட்பாட்டால் மட்டும் தீராத கேள்வியானது. வானத்தைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

அருகிலுள்ள வானில் தேடல்

கோட்பாடு தேடுவோருக்குச் சில அடையாளங்களைத் தந்திருந்தது. சிதறும் பொருள் மிகுதியாக இருப்பதால் ஒளி வெளிவர நீண்ட காலம் ஆகும். உச்சத்தை எட்டவே நூறு நாள்களுக்கு மேல் ஆகலாம். அதன் பின் ஒளியின் மங்கல், நிக்கல்-56 சிதைந்து தோன்றும் கோபால்ட்-56-இன் 77 நாள் அரைவாழ்வைப் பின்பற்ற வேண்டும். நிறமாலையில் இரும்பின் சுவடு கனமாக இருக்க வேண்டும்.

2006 செப்டம்பரில் என்ஜிசி 1260 என்ற விண்மீன் மண்டலத்தில், ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டு தொலைவில், எஸ்என் 2006ஜிஒய் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பிரகாசமானவற்றில் ஒன்றான அதன் ஒளி மாதக்கணக்கில் நீடித்தது. நாதன் ஸ்மித் உள்ளிட்டோர் அது இணை நிலையின்மை வெடிப்பாக இருக்கலாம் என்றனர். 2007-இல் வூஸ்லி, செர்கெய் பிளின்னிகோவ், ஹேகர் ஆகியோர் வேறொரு விளக்கம் தந்தனர்: துடிக்கும் விண்மீன் அடுத்தடுத்து உதறிய அடுக்குகள் ஒன்றோடொன்று மோதுவதே அந்த ஒளி. 2020-இல் ஆண்டர்ஸ் யெர்க்ஸ்ட்ராண்ட் குழுவினர், வெடிப்புக்கு ஓராண்டுக்கு மேல் கழித்துப் பதிவான நிறமாலையில் அடையாளம் தெரியாமல் கிடந்த கோடுகள் இரும்புக்கு உரியவை என்று காட்டி, ஒரு வெண்குறளி விண்மீன் அடர்ந்த வாயு உறைக்குள் வெடித்ததே இது என்று முடிவு கூறினர். முதல் வேட்பாளர் இவ்வாறு விலகினார்.

இரண்டாவது வேட்பாளர் வலுவானது. ஒரு குறு விண்மீன் மண்டலத்தில் வெடித்து 2007-இல் கண்டறியப்பட்ட எஸ்என் 2007பிஐ, கோபால்ட்டின் வேகத்தில் மெதுவாக மங்கியது. 2009 டிசம்பரில் அவிஷை கால்-யாம் தலைமையிலான குழு, 3 சூரிய நிறைக்கு மேல் நிக்கல்-56 உருவானதாகவும் வெடித்த உள்ளகம் ஏறத்தாழ 100 சூரிய நிறை கொண்டதாகவும் கணக்கிட்டு, இது இணை நிலையின்மை சூப்பர்நோவாவே என்று அறிவித்தது. நாற்பதாண்டுக் கணிப்பு மெய்யானதாகத் தோன்றியது.

ஐயங்கள் விரைவில் எழுந்தன. அவ்வளவு இரும்பு இருந்தால் நீல ஒளி தடுக்கப்பட்டு வெடிப்பு செந்நிறமாகத் தெரிய வேண்டும். 2007பிஐ நீலமாக இருந்தது என்று லுக் டெசார் உள்ளிட்டோர் 2012-இல் சுட்டினர். 2007பிஐ உச்சத்தை எட்டிய பிறகே விரிவாக ஆராயப்பட்டதால், அது எவ்வளவு வேகமாக ஏறியது என்பது தெளிவாகப் பதிவாகவில்லை. 2013-இல் மேட் நிகோல் குழுவினர் அதை ஒத்த இரு வெடிப்புகளை ஏறுமுகத்திலேயே பிடித்தனர். அவை இணை நிலையின்மை மாதிரிகள் கூறுவதைவிட வெகு வேகமாக உச்சத்தை எட்டின. மேக்னட்டார் எனப்படும், மிக வலிமையான காந்தப்புலத்துடன் வேகமாகச் சுழலும் புதிய நியூட்ரான் விண்மீன் தன் சுழற்சி ஆற்றலைக் கொட்டி அந்த ஒளியைத் தருகிறது என்ற விளக்கம் அவற்றுக்குப் பொருந்தியது.

இதுவரை கிடைத்தவற்றுள் மிக நெருக்கமாகப் பொருந்துவது எஸ்என் 2018ஐபிபி. ஸ்டீவ் ஷூல்ட்சே தலைமையிலான குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வு, அதன் மெதுவான ஏற்றமும் இறக்கமும் 25 முதல் 44 சூரிய நிறை வரையிலான நிக்கலைக் காட்டுவதாகக் கணக்கிட்டது. ஆனால் அந்த வெடிப்பு சுற்றியுள்ள வாயுவோடு மோதியதற்கான அடையாளங்களும் அதில் இருந்தன. எளிய மாதிரிகள் இதை எதிர்பார்க்கவில்லை. ஆகவே அதன் பெயருக்கு முன் 'வேட்பாளர்' என்ற சொல் இன்னும் நிற்கிறது.

பழைய விண்மீன்களின் சாட்சியம்

வெடிப்பை நேரில் காணாவிட்டாலும், அதன் சாம்பலிலிருந்து பிறந்தவற்றில் சுவடு இருக்க வேண்டும். சூரியனைவிடச் சிறிய நிறையுள்ள விண்மீன்கள் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல் வாழ்வதால், இரண்டாம் தலைமுறையில் பிறந்த சில இன்றும் பால்வீதியின் புறப்பகுதியில் உள்ளன. அவற்றின் வெளியடுக்கு, பிறந்தபோது சுற்றியிருந்த வாயுவின் கலவையைப் பெரிதும் அப்படியே காத்து வைத்திருக்கிறது.

இணை நிலையின்மை வெடிப்பின் சுவடு தனித்தன்மை கொண்டது. எரிப்பு விநாடிகளில் முடிந்துவிடுவதால், புரோட்டான்கள் நியூட்ரான்களாக மாற நேரம் கிடைப்பதில்லை. ஆகவே சோடியம், அலுமினியம், கோபால்ட் போன்ற ஒற்றைப்படை அணு எண் கொண்ட தனிமங்கள், அவற்றின் அண்டையிலுள்ள மக்னீசியம், சிலிக்கான், இரும்பு போன்ற இரட்டைப்படைத் தனிமங்களைவிட மிகவும் குறைவாக உருவாகின்றன. இரும்பைவிட மிகக் கனமான ஸ்ட்ரான்ஷியம், பேரியம் போன்றவை ஏறக்குறைய உருவாவதே இல்லை.

இரும்பு மிகக் குறைந்த விண்மீன்களைத் தேடிய பணி 2000களில் வேகம் பெற்றது. 2014-இல் அறிவிக்கப்பட்ட ஒரு விண்மீனில் இரும்பின் கோடுகளே தென்படவில்லை. ஆனால் கார்பன் மிகுந்த அத்தகைய விண்மீன்களின் கலவை, வலுக்குறைந்து வெடித்துத் தன் இரும்பைக் கருந்துளைக்குள் இழந்த சூப்பர்நோவாக்களையே சுட்டியது. முதல் விண்மீன்களில் பல, இணை நிலையின்மையின் வரம்புக்குக் கீழே இருந்தன என்பதற்கு இது சான்றாயிற்று.

எனினும் இந்தத் தேடலில் ஒரு பொறி உண்டு. ஒரே ஓர் இணை நிலையின்மை வெடிப்பு அவ்வளவு கன தனிமங்களை வாரி இறைப்பதால், அதன் சாம்பலில் பிறக்கும் விண்மீன் இரும்பு மிகக் குறைந்ததாக இருக்காது. இரும்பு மிகமிகக் குறைந்தவற்றில் மட்டும் தேடுவோர் அதைத் தவறவிடக்கூடும் என்று டோர்க்னி கார்ல்சன் உள்ளிட்டோர் 2008-இல் சுட்டிக்காட்டினர்.

2014-இல் வாகோ ஆவோக்கி குழுவினர் கோபால்ட் குறைந்த ஒரு பழைய விண்மீனை அறிவித்து, மிகப் பெருநிறை முதல் விண்மீனின் சுவடாக அது இருக்கலாம் என்றனர். 2023-இல் இன்னும் வலுவான கூற்று வந்தது. சீனாவின் லாமோஸ்ட் தொலைநோக்கி கண்டெடுத்த ஜே1010+2358 என்ற விண்மீனில் சோடியமும் கோபால்ட்டும் மிகமிகக் குறைவு. 260 சூரிய நிறையுள்ள முதல் விண்மீனின் வெடிப்பே அதற்குக் காரணம் என்று சீன, ஜப்பானிய ஆய்வாளர்கள் கூறினர். மறு ஆண்டே அதே விண்மீனை வேறு பெரிய தொலைநோக்கிகளால் அளந்தவர்கள் கார்பன், அலுமினியம் உள்ளிட்ட முன்பு அளக்கப்படாத தனிமங்களைச் சேர்த்துக் கணக்கிட்டனர். கலவை வழக்கமான சூப்பர்நோவாக்களாலேயே விளக்கப்படக்கூடியது என்பது அவர்களின் முடிவு. நிறமாலையில் ஓரிரு கோடுகள் கூடுதலாகத் தெளிந்ததும் தீர்ப்பு மாறியது.

கருந்துளைகளில் ஓர் இடைவெளி

மூன்றாவது வழி, வெடிப்பு எதை விட்டுச் செல்லவில்லை என்று பார்ப்பது. சிதறும் விண்மீன்கள் எச்சம் விடாததாலும், துடிப்பவை நிறையை உதறிவிடுவதாலும், ஏறத்தாழ 50 அல்லது 65 சூரிய நிறையிலிருந்து 120 அல்லது 130 வரையிலான கருந்துளைகள் விண்மீன்களிலிருந்து நேரடியாகப் பிறக்க முடியாது. இது நிறை இடைவெளி எனப்படுகிறது. ஈர்ப்பு அலைகளைப் பதிவுசெய்யும் லைகோ, விர்கோ நிலையங்கள் இந்த இடைவெளியைச் சோதிக்கும் வாய்ப்பைத் தந்தன.

2019 மே 21 அன்று பதிவான ஜிடபிள்யூ190521 அலை, ஏறத்தாழ 85, 66 சூரிய நிறைகள் கொண்ட இரு கருந்துளைகள் இணைந்து 142 சூரிய நிறையுள்ள ஒன்றாக மாறியதைக் காட்டியது. 85 என்பது இடைவெளியின் உள்ளே விழுகிறது. 2023 நவம்பரில் பதிவாகி 2025-இல் அறிவிக்கப்பட்ட ஜிடபிள்யூ231123 இன்னும் பெரியது. ஏறத்தாழ 137, 103 சூரிய நிறைகள் கொண்ட கருந்துளைகள் அதில் இணைந்தன.

இவை கோட்பாட்டை உடைத்துவிட்டனவா? உடனடியாக அப்படிச் சொல்லிவிட முடியாது. முந்தைய இணைப்பு ஒன்றில் உருவான கருந்துளை மீண்டும் இணைந்திருந்தால் இடைவெளிக்குள் நிறை கிடைக்கும். இடைவெளியின் எல்லைகளும் கல்லில் பொறித்தவை அல்ல. கார்பன் அணுக்கரு ஹீலியத்தைப் பிடித்து ஆக்சிஜனாக மாறும் வேகத்தைப் பொறுத்து அவை நகரும். அந்த வேகத்தை ஆய்வகத்தில் துல்லியமாக அளப்பது ஃபௌலரின் காலம் முதல் இன்று வரை அணுக்கரு வானியற்பியலின் கடினமான பணிகளுள் ஒன்றாக நீடிக்கிறது.

இன்றைய நிலை

இணை உருவாக்கம் ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. பெருநிறை விண்மீன்களை ஒளியே தாங்குகிறது என்பதிலும் ஐயமில்லை. ஆகவே போதிய நிறையுள்ள ஹீலியம் உள்ளகம் உருவானால் அது இவ்வாறு வெடிக்கும் என்பதை வானியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கின்றனர். தீராமல் இருப்பது ஒன்றே: அத்தகைய உள்ளகங்களை இயற்கை உருவாக்கியதா, உருவாக்கியிருந்தால் எத்தனை?

2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பெருவெடிப்புக்குப் பின் சில நூறு மில்லியன் ஆண்டுகளில் இருந்த விண்மீன் மண்டலங்களைக் காட்டியுள்ளது. அங்கே வெடிக்கும் ஓர் இணை நிலையின்மை சூப்பர்நோவா அகச்சிவப்பில் தெரியும். ஆனால் பேரண்டம் விரிவதால் அங்கிருந்து வரும் காலமும் நீள்கிறது. ஒரு வெடிப்பின் ஏற்ற இறக்கம் நமக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். அதை நிலையான ஒளிப்புள்ளியிலிருந்து பிரித்தறியப் பொறுமையான மறுபார்வை தேவை. வெப் தொலைநோக்கியின் பார்வைப் பரப்பு சிறியது, தேடப்படுவதோ அரியது. 2025-இல் முதல் படங்களை வெளியிட்ட சிலியின் வேரா ரூபின் வானாய்வகம் தென்வானத்தை மீண்டும் மீண்டும் படம்பிடித்து, 2018ஐபிபி போன்ற அருகிலுள்ள மெதுவான வெடிப்புகளை ஏறுமுகத்திலேயே பிடிக்கும் நோக்கம் கொண்டது. அகன்ற பரப்பை அகச்சிவப்பில் நோக்கும் நான்சி கிரேஸ் ரோமன் தொலைநோக்கியிடமும் இதே எதிர்பார்ப்பு உள்ளது.

தேடல் வென்றால், முதல் தலைமுறையில் சூரியனைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு நிறையுள்ள விண்மீன்கள் இருந்ததும், அவை தம்மை முழுவதும் கொடுத்து ஆக்சிஜனையும் சிலிக்கானையும் இரும்பையும் பேரண்டத்தில் விதைத்ததும் உறுதியாகும். போதிய ஆழத்தில் தேடியும் கிடைக்காவிட்டால், முதல் விண்மீன்கள் எண்ணியதைவிடச் சிறியவை என்பது தெளிவாகும். 2006ஜிஒய், 2007பிஐ, ஜே1010+2358 ஆகிய மூன்றும் கைநழுவிய வேட்பாளர்களே. ஆயினும் இவை ஒவ்வொன்றும் விலகும்போது, வெண்குறளியின் வெடிப்பைப் பற்றியோ மேக்னட்டாரைப் பற்றியோ பழைய விண்மீன்களின் கலவையைப் பற்றியோ புதிய அறிவைத் தந்துவிட்டே சென்றன. 1967-இல் போடப்பட்ட கணக்கு அதன் முதல் ஐயமற்ற சாட்சிக்காகக் காத்திருக்கிறது.